எழுவாய் எங்கே?

'எனக்குப் பசிக்கிறது' என்று ஒருவன் சொல்கிறான். பசித்தவன் யார்? பச்சிளங் குழந்தையும் பதில் சொல்லும், சொன்னவன்தான் என்று! ஆனால் அதே தொடரைக் கரும்பலகையில் எழுதி, எழுவாய் எது என்று கேட்டுவிட்டால் போதும். பசித்தவனைப் பந்தியில் விட்டுவிட்டு, வேறொருவனைத் தேடிப் புறப்பட்டுவிடுகிறது நமது இலக்கணப் பாடம்.

நாம் பள்ளி ஆசிரியர். ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் கற்பிப்பவர். சென்ற ஆண்டுத் தேர்வில் இந்தத் தொடரைக் கொடுத்து எழுவாய் கேட்டிருந்தோம். மனப்பாடம் செய்ததை மாற்றுக் குறையாமல் இறக்கிவைத்து, 'தோன்றா எழுவாய்' என்றெழுதி மதிப்பெண் பெற்றனர் மாணவர் அனைவரும், ஒருத்தியைத் தவிர. அவள் மட்டும் 'எனக்கு' என்பதே எழுவாய் என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் குறுக்கே கோடிட்டோம். விடைத்தாளும் கையுமாக வந்து நின்றாள்.

"ஐயா, பசித்தது எனக்குத்தானே?"

"நான்காம் வேற்றுமை உருபு ஏற்ற பெயர் எழுவாய் ஆகாதம்மா."

"ஏன் ஐயா ஆகாது?"

"இலக்கணம் அப்படி."

இலக்கணம் அப்படி! எவ்வளவு எளிதாக வந்துவிட்டது அந்த விடை நம் வாயில்! மாலையில் மன்றத்தில் நின்று, ஏன் என்று கேள், எதனால் என்று கேள், முன்னோர் மொழிந்தனர் என்பதற்காக மூளையை அடகு வைக்காதே என்று முழங்குகிற நாம், காலையில் வகுப்பறை வாயிலைத் தாண்டியதும் 'அப்படித்தான்' கட்சியில் உறுப்பினராகிவிட்டோம். வெட்கம்தான், மறைப்பானேன்?

கோடை விடுமுறைக்கு நண்பர் ஒருவர் ஊர் வந்தார். பல்கலைக்கழகமொன்றில் மொழியியல் முதுகலை பயில்பவர். 'உயர்நிலைத் தொடரியல்' என்று முகப்பில் எழுதிய தடித்த குறிப்பேடு ஒன்று அவர் பையில் இருந்தது. புரட்டினோம். எழுத்துகளைவிடக் கிளைகள் மிகுதி! தலைகீழாக நட்ட மரங்கள், வேர் மேலே, இலைகள் கீழே. கிளைதோறும் இரண்டெழுத்து மூன்றெழுத்துக் குறியீடுகள். வளைந்து வளைந்து செல்லும் அம்புகள். சாதகக் கட்டத்துக்குத் தப்பி வந்த நாம் இன்னொரு சக்கரத்தில் சிக்கினோமோ என்று கூட எண்ணினோம். மூடிவிடலாம் என்று கை சென்ற வேளையில் கண்ணில் பட்டது ஒரு பக்கம். ஐசுலாந்து மொழித் தொடர் ஒன்று. அதன் கீழே பொருள்: 'எனக்குக் குளிர்கிறது'. அதன் பக்கத்தில் நண்பரின் கையெழுத்தில், 'நான்காம் வேற்றுமை எழுவாய்'.

நாம் கோடிட்டு அடித்த விடை!

அன்றிலிருந்து அந்தக் குறிப்பேட்டையும், அது சுட்டிய நூல்களில் கைக்கெட்டியவற்றையும் படித்தோம். கலைப்பட்டம் பெற்றபோது மொழியியல் என்று ஒரே ஒரு தாள்தான் நமக்கு வாய்த்தது. ஆகவே கற்றுத் துறைபோனவர் என்று காட்டிக்கொள்ள வரவில்லை. வெளியே நின்று பார்த்தவன் கண்ணுக்கு இக்கல்வியில் எது ஒளி, எது புகை என்று தோன்றியதைச் சொல்கிறோம்.

1928இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்த நோம் சாம்ஸ்கி, 1957இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். 'தொடரமைப்புகள்' எனலாம் அதன் பெயரைத் தமிழில். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இளநிலை மாணவர்க்கு நடத்திய பாடக் குறிப்புகளிலிருந்து விளைந்தது. நூற்றிருபது பக்கமும் இல்லை. அதில் எழுப்பிய வினா எளிது: ஒரு மொழியைப் பேசுகிறவன் எதை அறிந்திருக்கிறான்? இதுவரை கேட்ட தொடர்களையா? இல்லை, இதுவரை எவரும் சொல்லாத தொடரையும் கேட்ட மாத்திரத்தில் இது நம் மொழி, இது அன்று எனப் பிரிக்கிறான் அவன். 'உப்பில்லாத ஞாயிற்றுக்கிழமை மெதுவாக ஏணியைத் தின்றது' என்று நாம் சொன்னால், பொருள் இல்லை என்று சிரிப்பீர்கள். ஆனால் தமிழ் இல்லை என்று சொல்லமாட்டீர்கள். அதே சொற்களில் 'ஐ' உருபைப் பிடுங்கி ஏணிக்கு முன்னால் நிறுத்தினால், தமிழே அன்று என்பீர்கள். இரண்டையும் நீங்கள் முன்பு கேட்டதில்லை. பிறகு எப்படித் தெரிந்தது? இதற்கு விடை தேடுவதே தொடரியல்.

இந்தக் கேள்வியோடு சேர்ந்து வந்த ஒரு வழக்கத்தை நாம் மிகவும் மதிக்கிறோம். பிழையான தொடரை எழுதி அதன் தலையில் ஒரு விண்மீன் குறி இடுகிறார்கள். யார் இடுவது? பேரகராதி தொகுத்த பெரும்புலவரா? அல்லர். அம்மொழியைத் தாய்மொழியாகப் பேசும் எவரும்! களை பறிக்கும் தாயின் நாக்கு தள்ளும் தொடர் தள்ளுண்ட தொடர். அவள் நாக்கு ஏற்கும் தொடர் ஏற்கப்பட்ட தொடர். இழிசனர் வழக்கு, உயர்ந்தோர் வழக்கு என்ற வேலி அந்த இடத்தில் இல்லை. அறிவியலில் சான்று சொல்லும் உரிமை அவளுக்கும் உண்டு என்று ஏற்ற துறை எப்படிக் கசக்கும் நமக்கு?

இருந்தாலும் ஐயம் எழுந்தது. நாற்காலியில் சாய்ந்திருக்கும் பேராசிரியர் தம் கோட்பாட்டுக்கு ஏற்பத் தாமே விண்மீனை இட்டுக்கொள்ளமாட்டாரா? கேட்கவேண்டிய கேள்வி இது, கேட்டும் இருக்கிறார்கள். புகழ்பெற்ற ஆய்விதழ் ஒன்றில் 2001 முதல் 2010 வரை வந்த ஆங்கிலத் தொடர் முடிவுகளிலிருந்து குருட்டாம்போக்கில் எடுத்து, பொதுமக்களிடம் முறைப்படி சோதித்து, ஜான் ஸ்ப்ரௌஸ் குழுவினர் 2013இல் வெளியிட்டனர். ஏறத்தாழ 95 விழுக்காடு ஒத்துவந்தது. ஆங்கிலத்துக்கு இந்தச் சோதனை நடந்தது. தமிழ்த் தொடர்களுக்கு இட்ட விண்மீன்களையும் இப்படி உரசிப் பார்த்தால் நன்று.

இனி, எழுவாய்க்கு வருவோம்.

எழுவாய் என்றால் என்ன? உருபு ஏற்காத பெயர் என்பது நம் நூல்களின் மரபு. முதல் வேற்றுமைக்கே எழுவாய் வேற்றுமை என்று பெயர். வினையோடு திணை, பால், எண், இடம் ஒத்து நிற்பதும் அதுவே. ஆனால் 1976இல் எட்வர்ட் கீனன் உலகமொழிகள் பலவற்றை வைத்துக்கொண்டு ஒரு வேலை செய்தார். எழுவாய் என்பது ஒரே பண்பா, பல பண்புகளின் மூட்டையா என்று அவிழ்த்துப் பார்த்தார். மூட்டைதான்! வேற்றுமை வடிவம் ஒன்று, வினையியைபு ஒன்று, 'தன்' போன்ற சொற்களைத் தன்பால் ஈர்ப்பது ஒன்று, எச்சவினையோடு முற்றுவினையைப் பிணைப்பது ஒன்று என்று பல. எல்லாம் ஒரே பெயரில் குடியிருந்தால் சிக்கலில்லை. இரண்டு பெயர்களுக்கிடையே பாகம் பிரிந்துவிட்டால்?

ஐசுலாந்தில் பிரிந்துதான் கிடந்தது. நான்கு இலட்சம் அளவே மக்கள் வாழும் அந்தச் சிறு தீவின் மொழியில், 'எனக்குக் குளிர்கிறது' வகைத் தொடர்களில், நான்காம் வேற்றுமை ஏற்ற பெயரே எழுவாய்க்குரிய வேலைகளைச் செய்கிறது. அன்னி ஜேனன், ஜோன் மேலிங், ஹோஸ்குல்டுர் த்ராயின்சன் மூவரும் 1985இல் வெளியிட்ட கட்டுரை இதனை ஒவ்வொரு சோதனையாக நிறுவியது. வேற்றுமை உருபு வேறு, எழுவாய்ப் பதவி வேறு என்று கோட்பாட்டாளர் ஒப்பவேண்டியதாயிற்று. செருமன் மொழியிலும் பார்வைக்கு இதே போன்ற தொடர் உண்டு. ஆனால் அங்கே அந்தப் பெயர் சோதனைகளில் தோற்றுவிடுகிறது! கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது ஒன்றாக இருக்கவேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

சரி, தமிழில்? கூண்டில் ஏற்றுவோம் 'எனக்கு' என்பதை.

முதல் சோதனை வினையியைபு. எனக்குப் பசிக்கிறது, உனக்குப் பசிக்கிறது, அவர்களுக்குப் பசிக்கிறது. வினை அசையவேயில்லை. தோல்வி. ஒத்துக்கொள்கிறோம்.

இரண்டாம் சோதனை 'தன்'. 'வேலன் குமரனுக்குத் தன் புத்தகத்தைக் கொடுத்தான்.' யாருடைய புத்தகம்? வேலனுடையது. குமரன் நான்காம் வேற்றுமையில் நிற்கிறான். 'தன்' அவனை நாடவில்லை. இப்போது இதைப் பாருங்கள்: 'குமரனுக்குத் தன் தங்கையைப் பிடிக்கும்.' யாருடைய தங்கை? குமரனுடைய தங்கை! அதே குமரன், அதே 'கு' உருபு. ஆனால் முன்னதில் கொடை பெறுபவன். பின்னதில் எழுவாயின் வேலை பார்ப்பவன். உருபைப் பார்த்து மதிப்பெண் போட்ட நம் சிவப்பு மை இந்த இடத்தில் வெளிறிப்போயிற்று.

இன்னும் ஒன்று. 'எனக்குப் பசிக்கிறது' என்ற தொடரில் 'வயிறு' என்பதைத் தோன்றா எழுவாயாகக் கொள்ளலாம் என்று நம் பள்ளி மூத்த ஆசிரியர் வாதிட்டார். எளிதில் தள்ளத்தக்க வாதமன்று; 'வயிறு பசிக்கிறது' என்று வழக்கில் உண்டு. ஆனால் 'குமரனுக்குத் தன் தங்கையைப் பிடிக்கும்' என்பதில் எந்தப் பெயரை ஒளித்துவைப்பது? தங்கை இரண்டாம் வேற்றுமையில் நிற்கிறாள். அவள் எழுவாய் ஆகாள். குமரன் நான்காம் வேற்றுமையில். மூன்றாவது ஆள் அந்த வீட்டில் இல்லையே! மூத்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யோசிக்கணும் தம்பி" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவர்மீது நமக்கிருந்த மதிப்பு இருமடங்காயிற்று.

மூன்றாம் சோதனை வினையெச்சம். 'செய்து' என்னும் எச்சத்துக்கும் முற்றுக்கும் வினைமுதல் ஒன்றாக இருக்கவேண்டும் என்பது விதி. 'வெயிலில் அலைந்து எனக்குத் தாகம் எடுத்தது.' அலைந்தது தாகமா? நான். ஆகவே 'எனக்கு' வென்றது என்று கூவிவிட்டோம். நண்பர் சிரித்தார். "மழை பெய்து நெல் விளைந்தது" என்றார். பெய்தது மழை; விளைந்தது நெல். காரணப் பொருளில் வரும்போது இவ்விதி நெகிழ்வதை நம் உரையாசிரியர்களே விளக்கியிருக்கிறார்கள், 'பெய்து' என்பது 'பெய்ய' என்பதன் திரிபு என்று. ஆகவே நமக்குப் பிடித்த சான்று சான்றாகாமல் போயிற்று. வருத்தம்தான். ஆனால் பிடித்த முடிவுக்காகப் பொத்தல் சான்றைத் தூக்கிப்பிடிப்பவனுக்கும் ஏட்டைத் தூக்கிப்பிடிப்பவனுக்கும் என்ன வேறுபாடு?

ஆக, ஒன்றில் தோல்வி, ஒன்றில் வெற்றி, ஒன்றில் வழக்கு ஒத்திவைப்பு. இந்த நிலையை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில்தான் கோட்பாடுகள் பிரிகின்றன. சாம்ஸ்கி வழியினர்க்கு எழுவாய் என்பது மரத்தில் ஓர் இடம். உயர்ந்த கிளையில் அமர்ந்திருப்பவர் யார் என்பதே கேள்வி. ஜோன் பிரெஸ்னன், ரொனால்ட் கேப்லான் வழியினர்க்கு அது இடமன்று, ஒரு பணி. எந்த வடிவத்தில் வந்தாலும் பணி செய்பவர் எழுவாய். பிரெஸ்னன் பதிப்பித்து 1982இல் வெளிவந்த பெருந்தொகுப்பில் மலையாளத் தொடர்களை ஆராய்ந்த கே. பி. மோகனனின் கட்டுரையும் இடம்பெற்றது. அண்டை வீட்டு மொழி கோட்பாட்டின் அடித்தளத்துக்கே செங்கல் தந்திருக்கிறது! தமிழும் வாளாவிருக்கவில்லை. 1967இலேயே ச. அகத்தியலிங்கம் தமிழுக்கு ஆக்கமுறை இலக்கணம் ஒன்றை அண்ணாமலை நகரிலிருந்து வெளியிட்டார். 1989இல் தாமஸ் லேமன் இக்காலத் தமிழுக்கு எழுதிய இலக்கணம் புதுச்சேரியில் வந்தது. அவ்வளவும் நடந்த பிறகு 'இலக்கணம் அப்படி' என்று சொன்ன ஆசிரியர் நாம்.

பாராட்டியது போதும். இனிக் குறைகள்.

குறிப்பேட்டைப் படிக்கையில் நம்மை உறுத்தியது ஒன்று. பக்கத்துக்குப் பக்கம் 'இவ்வாறு கொள்வோம்', 'இவ்வாறு கொண்டால்' என்று தொடங்கி, நான்கு பக்கம் தாண்டியதும் 'இவ்வாறு இருப்பதால்' என்று முடிகிறது. கொண்டது எப்போது இருப்பது ஆயிற்று? சாம்ஸ்கி 1965இல் புதைநிலை, புறநிலை என்று இரண்டு தளங்களை நிறுவினார். புதைநிலை என்பது பொருளே என்று லேக்காஃப், மெக்காலே, ராஸ், போஸ்டல் முதலியோர் வாதிட, பத்தாண்டு நடந்தது சொற்போர். 1981இல் தனித்தனி விதிகள் போய்ப் பொதுக் கோட்பாடுகள் வந்தன. 1995இல் புதைநிலையே வேண்டாம் என்று தாம் எழுப்பிய தூணைத் தாமே சாய்த்தார் ஆசான். தாம் சொன்னதைத் தாமே மறுக்கும் துணிவு பெரிது; நாம் தலைவணங்குகிறோம். ஆனால் அந்தக் கடைசிச் சாய்ப்பில், சான்று தள்ளியதைவிட எளிமை வேட்கை இழுத்ததே மிகுதி என்று படுகிறது நமக்கு. எளிமை அழகுதான், மொழி அழகாக இருந்தே தீரவேண்டும் என்று யார் உறுதி எழுதிக்கொடுத்தார்கள்? மாணவர் ஒவ்வொரு திருப்பத்திலும் 'எந்தத் தொடர் இந்த மாற்றத்தைக் கட்டாயமாக்கியது?' என்று கேட்கவேண்டும். நண்பரின் குறிப்பேட்டில் அந்தக் கேள்வி இரண்டே இடத்தில் இருந்தது. மற்ற இடங்களில் ஆசான் மாற்றினார், ஆகவே மரமும் மாறிற்று!

அடுத்தது ரிச்சர்ட் கெயின் 1994இல் முன்வைத்த கொள்கை. எல்லா மொழிக்கும் அடிப்படை வரிசை ஒன்றே. வினை முன்னே, செயப்படுபொருள் பின்னே. 'குமரன் சோறு தின்றான்' என்று தமிழன் சொன்னால், சோறு முதலில் வினைக்குப் பின்னால் இருந்து, பிறகு இடம்பெயர்ந்து முன்னால் வந்தது என்று பொருள். நம் தட்டிலிருந்த சோறு எங்கிருந்தோ நடந்து வந்ததாம்! கெயினுக்குக் காரணம் இல்லாமலில்லை. வினாச்சொற்கள் மொழிகளில் இடப்பக்கம் நகர்வது மிகுதி, வலப்பக்கம் நகர்வது அரிது என்ற உண்மையான ஏற்றத்தாழ்வை விளக்கப் புறப்பட்டவர் அவர். ஆயினும் அடிப்படை வரிசை என்று கண்டது ஆங்கில வரிசையாகவே அமைந்துவிட்டதைக் கண்டு புருவம் உயர்த்தாமலிருக்க முடியுமா? 1963இல் ஜோசப் கிரீன்பர்க் முப்பது மொழிகளை ஒப்பிட்டபோது அவற்றில் கன்னடமும் ஒன்று. வினையை இறுதியில் வைக்கும் மொழிகளின் பொதுப் பண்புகளை அவர் அன்றே தொகுத்தார். பின்னர் ஆயிரத்துக்கு மேற்பட்ட மொழிகளை எண்ணியவர்கள், வினை இறுதியில் வரும் வரிசையே எண்ணிக்கையில் முதலிடம் என்று கண்டனர். பெரும்பான்மை இருந்தால் உண்மை ஆகிவிடாது, ஒப்புகிறோம். ஆனால் வழக்கில் பழகிய மொழியை அடியாகவும் பிறவற்றைத் திரிபாகவும் கொள்ளும் பழக்கம் எத்துணை எளிதில் ஒட்டிக்கொள்கிறது என்பதை நாம் அறிவோம். ஒரு காலத்தில் வேறொரு மொழியை வைத்து இதே கதையை நம்மிடமும் சொன்னார்கள்.

அதற்காக எதிர்ப்பக்கம் சாய்ந்து, 'எல்லாம் பாணினியிடம் இருந்தது', 'அதற்கும் முன்னே தொல்காப்பியரிடம் இருந்தது' என்று மார்தட்டுவோரோடும் நமக்கு உடன்பாடில்லை. பாணினி இலக்கணத்தை ஆக்கமுறை இலக்கணத்தின் முன்னோடியாகக் கொள்ளலாம் என்று சாம்ஸ்கியே 1965இல் குறித்தார். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் தொடரியைபை அலசியதும் உண்மை. பெருமைதான். ஆனால் முன்னோர் விதி தந்தனர் என்பது வேறு. ஏன் அந்த விதி என்று இன்று கேட்கப்படும் கேள்வி வேறு. பாட்டன் வைத்த மாமரத்தடியில் படுத்துக்கொண்டு, உலகத்து மாம்பழமெல்லாம் எங்கள் வீட்டு மாம்பழம் என்றால், கொட்டையே மிஞ்சும்.

தமிழ் தரும் சான்று எத்துணைக் கூர்மையானது என்பதற்கு ஒன்று சொல்வோம். 1981இல் நிறுவப்பட்ட கோட்பாட்டின்படி, தன்னைக் குறிக்கும் சொல் தன் அருகிலேயே, அதே சிறு வாக்கியத்துக்குள் உறவைத் தேடவேண்டும். ஆங்கிலத்துக்குப் பொருந்திற்று. 'கண்ணன் தன்னை அடித்தான் என்று முருகன் சொன்னான்.' அடிபட்டவன் யார்? முருகன்! பக்கத்திலிருக்கும் கண்ணனைத் தாண்டி அப்பால் சென்று உறவு கொண்டாடுகிறது 'தன்'. கண்ணன் தன்னையே அடித்துக்கொண்டான் என்றால், 'கொண்டான்' என்ற துணைவினையை அழைக்கவேண்டும். இன்னும் வியப்பு, 'மாலதி, தான் வென்றேன் என்று சொன்னாள்' போன்ற தொடர்கள்; 'தான்' படர்க்கை, 'வென்றேன்' தன்மை! இத்தகைய தமிழ்த் தொடர்களை ஆராய்ந்து சந்தியா சுந்தரேசன் 2012இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் எழுதப்பட்டது. நம் தெருவில் அன்றாடம் புழங்கும் 'தான்' அங்கே போய்ப் பேசியது.

இங்கேதான் நம்மைப் போன்றோர்க்குத் தனிச் சிக்கல். எந்தத் தமிழை வைத்து விண்மீன் இடுவது? நாம் இப்போது எழுதும் இந்த நடையைத் தாய் மடியில் கற்றவர் எவருமிலர், பள்ளியில் கற்றது. பள்ளியில் கற்றதற்குப் பள்ளி விதித்த தடையும் கூடவே ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு தொடரை நம் மனம் தள்ளும்போது, தமிழ் தள்ளுகிறதா, நமக்குக் கற்பித்த தமிழாசிரியர் தள்ளுகிறாரா? ஆகவே 'குமரனுக்குத் தன் தங்கச்சியப் பிடிக்கும்' என்று பேச்சில் போட்டு, எழுத்தறியாத நம் பாட்டியிடமும் கேட்டோம். "யார் தங்கச்சி பாட்டி?" "அவன் தங்கச்சிதான், பின்ன உன் தங்கச்சியா?" என்றார். சான்று பதிவாயிற்று.

பள்ளி திறந்ததும் அந்த மாணவியை அழைத்தோம். பத்தாம் வகுப்புக்குப் போயிருந்தாள். பழைய தேர்வு மதிப்பெண்ணைத் திருத்த வழியில்லை. பதிவேடு மேலே போய்விட்டது. நாம் தவறு செய்தோம் என்று மட்டும் சொல்லி, வேலன் புத்தகத்தையும் குமரன் தங்கையையும் கரும்பலகையில் எழுதிக் காட்டினோம். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தோம். அவள் சற்று நேரம் பலகையைப் பார்த்துவிட்டு, சுண்ணக்கட்டியை எடுத்துக் கீழே இன்னொரு தொடர் எழுதினாள்.

'குமரனால் தன் பெட்டியைத் தூக்க முடியவில்லை.'

"அப்படியானால் 'ஆல்' உருபு ஏற்றதும் எழுவாயா, ஐயா?"

பெட்டி குமரனுடையதுதான், 'தன்' அவனிடமே செல்கிறது. ஆனால் 'தூக்க' என்ற எச்சத்துக்குள் மறைந்து நிற்கும் இன்னொரு குமரனைப் பற்றிக்கொண்டுகூட அது சென்றிருக்கலாம். எந்தக் குமரன் என்று பிரித்துக்காட்டும் ஒரு தொடரைக் கண்டுபிடிக்க, அவளும் நாமும் இரண்டு வாரமாக முயன்றுகொண்டிருக்கிறோம்.